கொம்புக் கடையின் முகப்பு

காத்திருப்பது எனக்குச் சரிவராத வேலை. பஸ் வரும் வரை நிற்கச் சொன்னால் அடுத்த தரிப்பிடத்துக்கு நடந்துவிடுவேன். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, அது கொதிப்பதற்குள் முற்றத்தைப் பாதி கூட்டியிருப்பேன். அப்படிப்பட்ட என்னைப் பிடித்து, ஆளில்லாத ஒரு நகரத்தின் நடுவில் நிறுத்தி, அது பிழைக்குமா பிழைக்காதா என்று பார்க்க வைத்தவர் என் கணவர். அவர் நல்ல மனிதர். ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் முதலில் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, பாசமெல்லாம் பிறகுதான்.

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த இராணுவம் வெளியேறி ஒரு வருடம் தாண்டியிருந்தது. அதற்கு முன் நடந்த சண்டையில், கோட்டையைச் சுற்றியிருந்த கடைத்தெருக்கள் குண்டும் ஷெல்லும் பட்டுக் கூரையில்லாமல் நின்றன. வியாபாரிகள் அள்ளக்கூடியதை அள்ளிக்கொண்டு திருநெல்வேலிச் சந்திக்கும் சுன்னாகத்துக்கும் போய்விட்டார்கள். புடவைக் கடை வாழைக்காய்க் கொட்டிலுக்குள் நடந்தது. நகைக் கடை யாரோ வீட்டு விறாந்தையில் நடந்தது. திருநெல்வேலியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவும் வழி இருக்காது. அங்கிருந்து மிதித்து நகரத்துப் பெரியகடைப் பக்கம் வந்தால், நடுத்தெருவில் ஆடுகள் படுத்துக் கிடக்கும். மணி அடித்தாலும் எழும்பாது.

எங்கள் பேக்கரி பிரதான வீதியில் இருந்தது. ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் என்று சொல்வார்கள். முருகைக்கல்லால் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர். ஓர் ஆள் கை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு அகலம். கூரைக்கு மேலே எழுந்து நிற்கும் முகப்பின் இரண்டு பக்கமும் சுருண்டு, பார்ப்பதற்கு மாட்டுக் கொம்பு மாதிரி இருக்கும். அதனால் அதற்குப் பெயர்ப் பலகையே தேவைப்படவில்லை. கொம்புக் கடைப் பாண் என்றால் குருநகரிலிருந்து நல்லூர் வரை தெரியும். கணவரின் தகப்பனும் அதில்தான் பாண் போட்டார். நாங்கள் கல்யாணம் முடித்த பிறகு பின் அறைகளில் குடியிருந்தோம். மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும், முகட்டில் வௌவால், எங்கே சாய்ந்தாலும் சட்டையில் சுண்ணாம்பு. அந்தக் கட்டடத்தை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. இதை அவரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மற்றவர்கள் கடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களால் முடியவில்லை. காரணம் போறணை. பாண் வேகிற அந்தச் செங்கல் அடுப்பு ஒரு சின்ன அறை அளவு இருக்கும். கட்டடத்தின் பின்பக்கத்தில், தரையோடு தரையாகக் கட்டியது. அதைத் துண்டு துண்டாகக் கழற்றிக்கொண்டு போய் வேறிடத்தில் கட்டலாம்தானே என்றேன். கணவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் அவருடைய தாயாரைக் கழற்றிக் கட்டச் சொன்னேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அதனால் திருநெல்வேலியில் என் அண்ணை வீட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டு, விடியமுதல் அவர் நகரத்துக்குப் போய்ப் போறணையை எரித்தார். சங்கத்துக் கடையில் பங்கீட்டுக்குக் கிடைக்கிற மா எவ்வளவோ அவ்வளவு பாண். ஈஸ்ட் கிடையாது, கள்ளுத்தான். வெந்த பாணைச் சைக்கிள் பெட்டியில் கட்டித் திருநெல்வேலிக்கே கொண்டுவந்து விற்பார். ஆட்கள் இருக்கிற இடத்திலிருந்து ஆளில்லாத இடத்துக்குப் போய் வேக வைத்து, திரும்ப ஆட்கள் இருக்கிற இடத்துக்குக் கொண்டுவருவது. இதில் எங்கே புத்தி இருக்கிறது என்று கேட்டேன். "போறணை அங்கைதானே இருக்குது" என்றார். அந்த ஒரு பதிலைத்தான் அவர் எல்லாக் கேள்விக்கும் வைத்திருந்தார்.

அண்ணைக்குச் சந்தியில் ஒரு பலசரக்குக் கடை. அதற்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் காலியாக இருந்தது. அண்ணை அதை எங்களுக்காகப் பிடித்து வைத்திருந்தார். புது வருஷம் வரை பார்ப்பேன், அதற்குப் பிறகு கேட்கிற யாருக்காவது கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். என் மனம் அந்தக் கொட்டிலில்தான் இருந்தது. சின்னதாக ஒரு போறணை கட்டலாம், வாசலில் நின்றால் ஆட்கள் முட்டிக்கொண்டு வருவார்கள், எனக்கும் பார்க்க முகங்கள் இருக்கும். மனிதர் இல்லாத தெருவில் பகல் முழுக்க இருந்தால் எனக்கு மூச்சு முட்டும்.

நான் மாநகரசபையில் வேலைகள் பகுதியில் தட்டெழுத்தாளராக இருந்தேன். சபையின் பழைய கட்டடமும் சண்டையில் போய்விட்டதால், நல்லூரில் ஒரு வீட்டில் கந்தோர் நடந்தது. என் தட்டச்சு இயந்திரம் யாரோ படுத்த அறையில் இருந்தது. சபை எஞ்சினியரின் மேசை சமையல் குசினிக்குப் பக்கத்தில். அவர் அறுபதை நெருங்கியவர், நகரத்துக்குள் இருந்த சொந்த வீட்டை இழந்தவர், அதைப்பற்றி ஒரு வார்த்தை கதைக்காதவர். அந்த மாரி மழையில் பிரதான வீதியில் ஒரு மாடிச் சுவர் இடிந்து விழுந்து ஒரு பசு செத்துப்போனது. பசுவின் இடத்தில் ஒரு மனிதர் இருந்திருந்தால் என்று எல்லாரும் பயந்தார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவெடுத்தார்கள்: வீதிப் பக்கம் சாய்ந்து நிற்கிற சுவர்களையெல்லாம் உழவு யந்திரத்தில் கயிறு கட்டி இழுத்து விழுத்துவது, அந்தக் கல்லைப் போட்டு வீதியில் இருக்கிற குண்டுக் குழிகளை நிரப்புவது. ஆள் புழக்கம் இருக்கிற கட்டடமென்றால் சொந்தக்காரர் திருத்திக்கொள்ளலாம். எஞ்சினியர் வந்து பார்ப்பார்.

நான் பக்கத்து அறையில் இருந்து இதைக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். எங்கள் முகப்பு வீதிப் பக்கம் சாய்ந்திருந்தது எனக்குத் தெரியும். அதை இழுத்தால் முன்சுவரும் வரும், முன்சுவர் போனால் அதில் தாங்கியிருக்கிற பனைமரச் சலாகைகளும் கூரையும் போகும், கூரை போனால் மழை இறங்கிப் போறணை கரையும். பிறகு இவருக்குச் சொல்ல ஒரு பதிலும் இருக்காது. சைக்கிளை எடுத்து நேரே நகரத்துக்கு மிதித்தேன்.

அவர் போறணைத் தணலைக் கூட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். கூட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எப்ப வந்து பாப்பார்?"

"நத்தாருக்கும் புது வருஷத்துக்கும் இடையிலை. இஞ்சாருங்கோ, சும்மா உதிலை கிடந்து மாரடிக்காமல் அண்ணையின்ரை கொட்டிலை எடுப்பம்."

"ஆள் புழக்கம் இருந்தால் விடுவினமெல்லோ?"

"ஆர் ஆள்? நீங்களும் அந்த ஆடுகளுமோ?"

"அப்ப ஆக்களைக் கொண்டுவரவேணும்," என்றார், ஏதோ உப்பு முடிந்துவிட்டது வாங்க வேண்டும் என்பதுபோல.

அவர் கொண்டுவந்தது ஒரேயொரு ஆளைத்தான். குருநகரைச் சேர்ந்த ஒரு அக்கா, முன்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். கடலில் தொழில் செய்யத் தடை இருந்ததால் அவருடைய மனிசன் வலையைப் பொத்திக்கொண்டு வீட்டில் இருந்தார். அக்கா எங்கள் விறாந்தையில் ஒரு மேசையும் கேத்திலும் வைத்தார். அந்த வழியால் குருநகருக்குப் போகிற வருகிற நாலு பேர் நின்று தேத்தண்ணி குடித்தார்கள், அதோடு சின்ன இனிப்புப் பாணாக ஒரு பணிசும் வாங்கினார்கள். கணவருக்கு முகம் முழுக்கப் பல். நான் நாலு பேரைப் பார்த்தேன். அவர் ஒரு பட்டணத்தையே பார்த்தார்.

பிறகு சுவரைத் திருத்தத் தொடங்கினார். சீமெந்துக்கும் அரசாங்கத்தின் தடை. ஆகவே அந்தச் சுவரை எப்படிக் கட்டினார்களோ அதே வழியில்தான் திருத்த முடிந்தது. சுண்ணாம்பு நீற்றி, மண் அரித்து, பனங்கட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு மேசனோடு சேர்ந்து வெடிப்புகளை அடைத்தார். நான் கந்தோரும் சந்தியும் நகரமுமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் இருந்தால் மற்ற இடத்தில் ஏதோ நடக்கிறது மாதிரி இருக்கும். கொட்டிலைப் பார்த்துவிட்டு வருவேன். வேறு யாரும் அளவெடுக்கிறார்களா என்று. பிறகு வந்து சுவரைப் பார்ப்பேன். எனக்கு எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை, அதுதான் என்னை அப்படி அலைத்தது.

எங்கள் கத்தோலிக்க ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. யேசு பிறந்த நத்தார் வந்தால் வீட்டு முகப்புக்கு வெள்ளையடிக்க வேண்டும். உள்ளே சாப்பாட்டுக்கு வழியில்லாவிட்டாலும் பரவாயில்லை, கோயிலுக்குப் போகிற சனம் பார்க்கிற பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும். வெள்ளை இன்னும் பளிச்சென்று தெரிய, சுண்ணாம்புக்குள் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கொஞ்சம் கலப்பார்கள். கணவரும் கலந்தார். மழை விட்ட ஒரு கிழமையில், அவரும் மேசனும் ஏணி வைத்து அடி முதல் கொம்பு வரை இரண்டு பூச்சுப் பூசினார்கள். எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை. வீதியின் மறுபக்கத்தில் நின்று மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். கருகிய சுவர்களுக்கும் இடிந்த சுவர்களுக்கும் நடுவில் எங்கள் கடை மட்டும் வெள்ளை உடுப்போடு கோயிலில் முதல் நன்மை எடுக்கிற பிள்ளை மாதிரி நின்றது. எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"எஞ்சினியர் இனி வரட்டும்," என்றார் கணவர்.

எஞ்சினியர் வரமுதல் இராணுவத்தின் ஹெலிகொப்டர் வந்தது. அடுத்த நாள் காலை, அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். வழக்கமாக அது கடலோரமாகப் போய்விடும். அன்றைக்கு நேராகப் போனது, திரும்பியது, எங்கள் தலைக்கு மேல் வட்டம் போட்டது. பிறகு இன்னொரு வட்டம். தேத்தண்ணி குடிக்க நின்ற இரண்டு பேரும் கிளாசை வைத்துவிட்டுச் சைக்கிளில் பறந்தார்கள். நாங்கள் போறணையின் சூடில்லாத பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு குந்தியிருந்தோம். ஹெலிகொப்டர் சுடவில்லை. பார்த்துவிட்டுப் போனது. ஆனால் எதைப் பார்த்தது என்று எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

ஊர் முழுக்கக் காருக்கு மாட்டுச் சாணம் பூசி ஓலை கட்டிக்கொண்டு ஓடுகிற காலம். வெள்ளைச் சீலையை வெளியில் காயப் போடவே பயப்படுகிற காலம். நாங்கள் ஒரு முழுக் கட்டடத்துக்கு நீலம் போட்டு வெள்ளையடித்து, இஞ்சை இருக்கிறம் என்று வானத்துக்குக் காட்டியிருக்கிறோம். பத்து வருடமாகச் சண்டைக்குள் இருந்தவர்களுக்கு இது தெரியாதா என்று கேட்டால், தெரியும். ஆனால் நத்தார் என்றால் வெள்ளையடிக்க வேண்டும் என்பது அதைவிட முந்தித் தெரிந்த விஷயம்.

"தம்பி, நான் கேத்திலைத் தூக்கப்போறன்," என்றார் அக்கா. "உந்த வெள்ளை உதிலை நிக்கும் மட்டும் நான் இதுக்கை இருக்கமாட்டன். எனக்கு மூண்டு பிள்ளையள்."

கணவர் உடனே எழும்பினார். போய்ப் போறணைச் சாம்பலை வாளியில் அள்ளினார். புகைபோக்கியில் இருந்த கரியைச் சுரண்டிப் போட்டார். வீதியில் ஆடும் மாடும் போட்டதையெல்லாம் நானும் அக்காவும் அள்ளிவந்தோம். சேற்று மண்ணோடு கரைத்து, தும்புத்தடியால் அந்த வெள்ளைச் சுவரில் அடித்தோம். இவ்வளவு பாடுபட்டுப் பூசியதை இவ்வளவு கெதியில் நாசமாக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அவர் ஏணியில் ஏறிக் கொம்புகளுக்குக் கரி பூசினார். கீழே இறங்கும்போது அவருடைய முகமும் சுவரும் ஒரே நிறம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சாணம் காயும் முன்னே, சொன்ன நாளுக்கு முந்தியே எஞ்சினியர் வந்தார். சைக்கிளை நிறுத்தி, கால்சட்டையில் போட்டிருந்த கிளிப்பைக் கழற்றி, சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, இதைத்தானோ திருத்தின சுவரெண்டு சொன்னனீர்?"

எனக்குக் கோபம் பொங்கியது. எஞ்சினியர் மீது இல்லை, எல்லாவற்றின் மீதும். கந்தோரில் அவருக்கு முன்னால் நான் உரத்துக் கதைத்ததே கிடையாது. அன்றைக்குக் கதைத்தேன்.

"ஓம் சேர், திருத்தினதுதான். நேற்று வரைக்கும் வெள்ளையாத்தான் இருந்தது. சபைக்கு உயிரோடை இருக்கிறமெண்டு காட்டவேணும், மேலை பறக்கிறவனுக்குச் செத்துப்போனமெண்டு காட்டவேணும். ஒரு சுவர் ரெண்டையும் எப்பிடிச் செய்யும் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

எஞ்சினியர் கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டார். உள்ளே வந்தார். கையில் வைத்திருந்த தூக்குக் குண்டை முன்சுவரின் உள்பக்கம் தொங்கவிட்டுப் பார்த்தார். போறணையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அக்கா கொடுத்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்தார். பிறகு வெளியே போய் வீதி நடுவில் நின்று, கொம்புகளைக் கனநேரம் பார்த்தார். அவர் பார்த்த விதத்தில், அந்தக் கட்டடத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர் என்று தெரிந்தது.

"கீழைச் சுவர் நிக்கும்," என்றார் கணவரிடம். "நல்லாத்தான் அடைச்சிருக்கிறியள். ஆனால் மேலை உள்ள முகப்பு நிக்காது. பாரமெல்லாம் வீதிப் பக்கம். ஒரு நல்ல அதிர்ச்சி வந்தால் அது விழேக்கை முன்சுவரையும் கொண்டுதான் விழும். நீங்களே முகப்பை இறக்கினால் கடையை விடலாம். இல்லாட்டி நான் முழுக்க இழுக்கத்தான் வேணும்."

"கொம்பு இல்லாமல் இது என்ன கடை?" என்றார் கணவர்.

"போறணை இருக்குதுதானே," என்றார் எஞ்சினியர்.

கணவருடைய பதிலையே அவருக்குத் திருப்பிக் கொடுத்த முதல் ஆள் அவர்தான். நத்தார் கழிந்து வருவேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். கணவர் விறாந்தைப் படியில் இருந்தார். நான் கொட்டிலைப்பற்றிக் கதைக்க வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. கோபமாக இருந்தால் நான் எதையாவது செய்துகொண்டிருக்கலாம்.

நத்தார்ப் பூசைக்குப் போய்வந்த கையோடு அவர் ஏணியைச் சாய்த்தார். மேசனும் கூட வந்தார். இரும்பு அலவாங்கால் நெம்பி, ஒவ்வொரு கல்லாகக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். தள்ளி விழுத்தினால் அரை நாளில் முடிகிற வேலை. அவர் மாட்டேன் என்றுவிட்டார். முருகைக்கல் பார்க்கும் அளவுக்குப் பாரமில்லை. உடைந்த இடத்தில் பார்த்தால் சிப்பியும் சோகியும் தெரியும். இறக்கிய கல்லையெல்லாம் பின்முற்றத்தில், மேலே இருந்த அதே ஒழுங்கில் படுக்க வைத்தார். நல்ல காலம் வந்தால் திரும்ப ஏற்றலாமாம். நான் ஒருநாளும் விரும்பாத அந்தக் கொம்புகள் இறங்கின பிறகு, வீதியில் நின்று பார்த்தேன். கடை மொட்டையாக இருந்தது. அங்கே எனக்குத் தேவையில்லாத அளவு வானம் தெரிந்தது.

கடை தப்பியதே தவிர ஆட்கள் வரவில்லை. ஹெலிகொப்டர் வட்டம் போட்ட கதை குருநகர் முழுக்கப் பரவியிருந்தது. அக்காவும் காலையில் வந்து, ஒரு கேத்தில் தண்ணீர் முடிய முதலே போய்விடுவார்.

"தம்பி, ஒளிவுமறைவில்லாமல் சொல்லுறன்," என்றார் ஒருநாள். "பங்கர் இல்லாத கடையிலை சனம் நிக்காது. திருநெல்வேலியிலை பாரும், ஒவ்வொரு கடைக்கும் முன்னாலை பங்கர். சனம் பாணை விலை கேக்கமுதல் பங்கர் எங்கையெண்டுதான் பாக்குது. எனக்கும் அப்பிடித்தான்."

பங்கர் என்றால் ஆள் குந்தியிருக்கிற அளவுக்குக் குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போடுவது. வெட்டுவது பெரிய வேலையில்லை. ஆனால் எங்கள் பக்கத்து மண் கடற்கரை மண், நிற்காது, சரியும். உள்ளுக்குப் பக்கங்களில் கல் அடுக்க வேண்டும். கல் எங்கே இருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். அக்கா கேத்திலைக் கழுவினார். நான் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு இடிந்த கட்டடங்களின் கல்லையெல்லாம் சபையின் உழவு யந்திரம் அந்தக் கிழமைதான் வீதிக் குழிகளுக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தது.

கணவர் எழும்பிப் பின்முற்றத்துக்குப் போனார். திரும்பி வரும்போது தோளில் ஒரு கல். கொம்பின் சுருள் நுனி அது. கரியும் சாணமும் வெள்ளையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. அதைக் கடைக்கு முன்னால், விறாந்தைக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தார்.

"நீர் மற்றப் பக்கத்தைப் பிடியும்," என்றார் என்னிடம். "தனியத் தூக்க ஏலாததுகளும் இருக்குது."

நான் பிடித்தேன். அவர் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்ததை நாங்கள் இரண்டு பேரும் கலைத்துக்கொண்டு வந்தோம். முன்னுக்குப் போகும்போது அவர் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். களைப்பு என்று நினைத்தேன். பார்த்தால் அழுதுகொண்டிருந்தார், சத்தமில்லாமல். நான் கல்லை விடவில்லை.

புது வருஷத்துக்கு முதல் நாள் எஞ்சினியர் சொன்னபடி வந்தார். பங்கர் முடிந்திருந்தது. அன்று காலையில் அண்ணையும் என்னிடம் கடைசியாகக் கேட்டிருந்தார்: வேறு ஒருவர் கொட்டிலுக்கு வந்து நிற்கிறார், பின்னேரம் முடிவு சொல்லு என்று. எடுப்போம் என்று சொல்லத்தான் நான் நினைத்திருந்தேன். கொம்பையும் கொடுத்தாயிற்று, பங்கரும் கட்டியாயிற்று, அப்படியும் ஆட்கள் இல்லை. இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்வார்? அவரிடம் அதைச் சொல்லத்தான் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். அவர் அப்போதுதான் நெருப்பை வாரி எடுத்துவிட்டு, பாணைப் போறணைக்குள் தள்ளி வாயை மூடியிருந்தார். எஞ்சினியர் வீதியில் நின்று மொட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது குண்டு போடுகிற விமானம், பொம்மர், அதன் இரைச்சல் கேட்டது.

அந்தத் தெருவில் மனிதர் இல்லை என்றுதான் நான் அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எங்கிருந்து வந்தார்கள் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மீன் பெட்டி கட்டிய சைக்கிளோடு ஒருவர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய். இடிந்த கடைக்குள் தன் பழைய அலுமாரியைப் பார்க்க வந்த ஒரு புடவைக் கடைக்காரர். விறகு கட்டிக்கொண்டு போன இரண்டு பெண்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். எல்லாரும் எங்கள் பங்கருக்குள் விழுந்தார்கள். எஞ்சினியர் இடமில்லாமல் என் காலுக்கு மேலேயே குந்தியிருந்தார். அக்கா செபமாலையைச் சொல்லத் தொடங்கினார். விறகுப் பெண்கள் முருகனைக் கூப்பிட்டார்கள். முதல் குண்டு கடற்கரைப் பக்கம் விழுந்தது. முருகைக்கல்லின் இடுக்கிலிருந்து சுண்ணாம்புத் தூள் எங்கள் எல்லார் தலையிலும் கொட்டியது.

கணவர் எழும்பப் பார்த்தார். "பாண் உள்ளுக்கை கிடக்குது. கருகப்போகுது."

அவருடைய இடுப்புச் சாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "கருகட்டும். இருங்கோ."

"பங்கீட்டு மா முழுக்க—"

"இருங்கோ எண்டு சொல்லுறன்."

இரண்டாவது குண்டும் விழுந்தது. அது கொஞ்சம் கிட்ட. முன்சுவர் விழுகிற சத்தம் வருகிறதா என்று எல்லாரையும்விட எஞ்சினியர்தான் காதைக் கொடுத்துக் கேட்டார். வரவில்லை. முகப்பு மேலே இருந்திருந்தால் வந்திருக்கும், நாங்கள் அதற்குக் கீழே இருந்திருப்போம். எஞ்சினியர் கணவரின் தோளில் கையை வைத்தார், எடுக்கவில்லை.

இரைச்சல் போன பிறகு ஒவ்வொருவராக ஏறி வெளியே வந்தோம். சுவர் நின்றது. கணவர் போறணைக்கு ஓடினார். பாணின் மேற்பக்கம் கரி, கீழே பாதகமில்லை. நான் வாசலில் நின்றேன். பங்கருக்குள் இருந்தவர்கள் போகவில்லை. போகக் கால் வரவில்லை போலும். ஒருவரோடு ஒருவர் கதைத்துக்கொண்டு வீதியில் நின்றார்கள். புடவைக் கடைக்காரர் வாத்தியாருக்குத் தன்னுடைய பழைய கடை எது என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா கேத்திலை வைத்தார். கருகினதென்றாலும் பரவாயில்லை, ஒரு றாத்தல் பாண் தாங்கோ என்று மீன்காரர் கேட்டார். எஞ்சினியருக்கும் ஒன்று வேண்டுமாம். சாம்பலும் சுண்ணாம்பும் படிந்த தலைகளோடு ஒரு சின்னக் கூட்டம் எங்கள் கடைக்கு முன்னால் நின்று கரிந்த பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா என்று கேட்டால் சந்தோஷம்தான், ஆனால் இப்படியா வரவேண்டும் என்று ஆத்திரமும் அதே அளவுக்கு இருந்தது.

பின்னேரம் சைக்கிளில் சந்திக்கு வந்தேன். அண்ணையின் கடையில் தள்ளுமுள்ளு. அரிசி நிறுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். குண்டுச் சத்தம் அங்கேயும் கேட்டிருக்கிறது, என்னை உயிரோடு கண்டதில் அவருடைய முகம் தெளிந்தது.

"வந்திட்டாய். சரி, கொட்டிலை எழுதுவமோ?"

"வேறை ஆருக்கும் குடுங்கோ அண்ணை."

தராசைக் கீழே வைத்தார். "அவனோடை சேந்து உனக்கும் விசர் பிடிச்சிட்டுதோ? அந்தச் சுடலைக்கை உங்கடை கடைக்கு ஆர் வருகினம்?"

"வருகினம்," என்றேன். "பொம்மர் வந்தால் வருகினம்."

கடையில் நின்ற சனம் சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை. நான் பகிடி விடவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.